ஆலோசனை நிறுவனத்தில் வேலைப்பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற ஜூன் மாதத்தில் ஒரு பிற்பகல், எங்கள் குழுவில் பத்து வார வேலைப்பயிற்சிக்காகச் சேர்ந்திருந்த பல்கலைக்கழக மாணவி ஒருவர் தம்முடைய எக்செல் கோப்பை என்னிடம் காட்டினார். "சிங்கப்பூர்க் குடும்பங்களின் மாத வருமானம்" என்ற தலைப்பின்கீழ் 11,297 வெள்ளி என்று இருந்தது. ஒரு குடும்பம் மாதந்தோறும் கையில் வைத்துச் செலவழிக்கக்கூடிய தொகையை அந்த எண்ணிலிருந்து அவர் கணக்கிட்டிருந்தார். எண் உண்மையானதுதான், சிங்கப்பூர்ப் புள்ளிவிவரத் துறை 2024ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட இடைநிலை வருமானம் அது. ஆனால், வேலை பார்ப்பவர் ஒருவராவது இருக்கும் வாசிகள் குடும்பங்களுக்கு, அதாவது குடிமகனோ நிரந்தரவாசியோ தலைவராக இருக்கும் குடும்பங்களுக்கு, மட்டுமே அது பொருந்தும். முதலாளி செலுத்தும் மத்திய சேமநிதிச் சந்தாவும் அதற்குள் அடக்கம். ஓய்வுபெற்ற மூத்தோர் மட்டும் வாழும் வீடு அந்தக் கணக்கில் இல்லை. சேமநிதிக்குப் போகும் பணத்தை எந்தக் குடும்பமும் அந்த மாத மளிகைக்குச் செலவழிப்பதில்லை.

அந்தத் திரையைப் பார்த்தபோது 2021இல் நான் செய்த தவறு அப்படியே கண்முன் வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நேரத்துக்கு வருவது, மின்னஞ்சலில் பிழையில்லாமல் எழுதுவது, தகுந்த உடை அணிவது போன்றவற்றை இங்கே விவரிக்கப் போவதில்லை. பல்கலைக்கழகங்களின் வேலைவாய்ப்பு நிலையங்களே அவற்றைச் சொல்லித் தந்துவிடுகின்றன.

எண்ணுக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் கணக்குப் போடுதல்

நான் பயிற்சியில் சேர்ந்த 2021 மே மாதத்தில் கொவிட் கட்டுப்பாடுகள் மீண்டும் கடுமையாகி, வீட்டிலிருந்தே வேலை பார்க்க வேண்டிய நிலை இருந்தது. எங்கள் நான்கறை வீட்டின் படுக்கையறையில், துணி இஸ்திரி போடும் மேசைமேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு வேலை செய்தேன். வீட்டுச் சாதனங்களை மாதக் கட்டணத்துக்குக் கொடுக்கத் திட்டமிட்டிருந்த ஒரு நிறுவனம் எங்கள் வாடிக்கையாளர். சிங்கப்பூரில் மொத்தம் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்ற அடிப்படைக் கேள்வி என்னிடம் ஒப்படைக்கப்பட்டது.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முடிவுகள் அந்த ஜூனில்தான் வெளியாகியிருந்தன. மொத்த மக்கள்தொகை 5.69 மில்லியன், ஒரு குடும்பத்தின் சராசரி அளவு 3.22 பேர். முதலாவதை இரண்டாவதால் வகுத்து, 1.77 மில்லியன் குடும்பங்கள் என்று எழுதினேன். விடை உடனே கிடைத்ததில் மனம் நிறைந்துபோய், சூத்திரத்தை அழித்துவிட்டு விடையை மட்டும் கட்டத்தில் வைத்தேன். அடுத்த இரண்டு வாரங்களில் விற்பனை மதிப்பீடு, கிடங்கின் அளவு, பழுதுபார்ப்போரின் எண்ணிக்கை ஆகிய எல்லாமே அந்த ஒரு கட்டத்தின்மேல் எழும்பின.

3.22 என்பது குடிமகனோ நிரந்தரவாசியோ குடும்பத் தலைவராக இருக்கும் குடும்பங்களின் சராசரி. 5.69 மில்லியனிலோ 1.64 மில்லியன் பேர் வாசிகள் அல்லாதவர்கள். தங்குவிடுதிகளில் ஓர் அறையில் பலராகத் தங்கியிருந்த கட்டுமான ஊழியர்களும், முதலாளியின் வீட்டிலேயே வசித்த இல்லப் பணிப்பெண்களும் அதில் அடங்குவர். அவர்களையெல்லாம் மூன்று மூன்று பேராகப் பிரித்து, தனித்தனி வீடும் சலவை இயந்திரமும் கொடுத்துவிட்டேன். உண்மையில் வாசிகள் குடும்பங்களின் எண்ணிக்கை 1.37 மில்லியன். என் கணக்கு ஏறத்தாழ 29 விழுக்காடு கூடுதல். இல்லாத 400,000 குடும்பங்களுக்கு நாங்கள் சாதனம் விற்கத் திட்டமிட்டிருந்தோம்.

வாசிகளை மட்டும் எடுத்து வகுத்தால் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். வாசிகளின் எண்ணிக்கையான 4.04 மில்லியனை 3.22ஆல் வகுத்தால் 1.25 மில்லியன் வரும், இம்முறை குறைகிறது. வாசிகள் குடும்பத்துக்குள்ளும் வாசிகள் அல்லாதவர்கள் வாழ்கிறார்கள் என்பதே காரணம். உண்மையில் வகுக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. குடும்பங்களின் எண்ணிக்கை அதே வெளியீட்டில் தனி அட்டவணையாக அச்சாகியிருந்தது. அடிக்குறிப்பைப் படிக்க ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் அது கண்ணில் பட்டிருக்கும்.

தவற்றைக் கண்டுபிடித்தவர் வாடிக்கையாளர் நிறுவனத்தின் நிதி மேலாளர். காணொளிக் கூட்டத்தில் ஆறாவது ஸ்லைடு வந்ததும் அவர் நிறுத்தச் சொன்னார். "வாசிகள் குடும்பங்களில் 78.7 விழுக்காடு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் இருப்பதால், உங்கள் கணக்குப்படி அவ்வீடுகள் மட்டுமே ஏறத்தாழ 1.4 மில்லியன் இருக்க வேண்டும். கழகத்திடம் இருப்பவையோ சுமார் 1.1 மில்லியன், மீதி வீடுகள் எங்கே?" என்று கேட்டார். குரலை அவர் உயர்த்தவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் பதில் சொல்லவில்லை. சூத்திரம் அழிக்கப்பட்டிருந்ததால் அந்த 1.77 எங்கிருந்து வந்தது என்று என் மேலாளராலும் உடனே கண்டறிய முடியவில்லை. கூட்டம் ஒரு வாரம் தள்ளிப்போனது. பதினோரு ஸ்லைடுகள் வீணாயின. சிறு குழந்தை உள்ள ஒரு சக ஊழியர் அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாள்களும் என் கணக்கை அடிமுதல் திருத்தினார்.

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னை உறுத்துவது கணக்குப் பிழையைவிட வேறொன்று. அந்த எண்ணை எழுதிய அன்றே எனக்குச் சந்தேகம் இருந்தது. "இந்த 3.22 யாருக்கான சராசரி?" என்று மேலாளருக்கு அனுப்பும் உரையாடல் பெட்டியில் மூன்று முறை தட்டச்சு செய்து, மூன்று முறையும் அழித்தேன். ஒரு வரிக் கேள்வியால் தீர்ந்திருக்க வேண்டியது பலரின் உழைப்பைத் தின்றுவிட்டது.

ஆகவே என்னிடம் பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவரிடமும் முதல் நாளே சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன். வெளியிலிருந்து எடுத்த எண்ணை நீல நிறத்திலும், சூத்திரத்தால் வந்ததைக் கறுப்பிலும் வையுங்கள்; இத்துறையில் வெகுகாலமாக இருக்கும் வழக்கம் அது. நீல எண் ஒவ்வொன்றின் பக்கத்திலும் யார் எண்ணினார்கள், எந்தத் தேதிக்கு, யார் உள்ளே, யார் வெளியே என்று எழுதுங்கள். 1.37 மில்லியன் சரியான எண் என்றாலும், வாடகை வீட்டில் தனிக்குடும்பமாக வாழும் வெளிநாட்டவர்கள் அதில் இல்லை. அவர்களும் சாதனம் வாங்கக்கூடியவர்கள்தான் என்பதை அந்த இடத்திலேயே குறித்து வைக்க வேண்டும். பிறகு வேறொரு பாதையில் அதே விடைக்கு வர முடிகிறதா என்று பாருங்கள். அந்த நிதி மேலாளர் ஒரு நிமிடத்தில் வீவக வீடுகளை வைத்துச் செய்தது அதைத்தான்.

பெயர் சொல்லி அழைக்கக் கூசி, கேள்வியையே விட்டுவிடுதல்

இதைத் தமிழ் மாணவர்களுக்காகத் தனியே எழுதுகிறேன். இந்நிறுவனங்களில் இருபது ஆண்டு அனுபவமுள்ள பங்குதாரரையும் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். நம் வீட்டிலோ மூத்தவர் பெயரை வாயில் எடுப்பதே மரியாதைக் குறைவு. அண்டை வீட்டுக்காரர்கூட நமக்கு அங்கிள், ஆன்ட்டிதான். அப்படி வளர்ந்த நான் முதல் மூன்று வாரங்கள் யாரையும் பெயர் சொல்லாமலேயே வாக்கியங்களை வளைத்து வளைத்துப் பேசினேன். கூப்பிடத் தெரியாததால் கேட்பதும் குறைந்துகொண்டே போனது. இவ்வாண்டு இன்னொரு மாணவரும் என் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து, நான் நிமிர்ந்து பார்க்கும்வரை ஒன்றும் சொல்லாமல் நின்றுகொண்டே இருந்தார். அண்ணன் என்று அழைப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை என்று சொன்ன பிறகே அவருக்குப் பேச்சு வந்தது. ஆனால் எல்லாக் குழுவிலும் ஓர் அண்ணன் இருக்கமாட்டார். முதல் நாளிலேயே, கூச்சமாக இருந்தாலும், பெயரைச் சொல்லிப் பழகிவிடுங்கள். அங்கே அது யாருக்கும் அவமரியாதையாகப் படுவதில்லை.

கேள்வியுடன் நீங்கள் முயன்று பார்த்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். "புரியவில்லை" என்று மட்டும் சொன்னால் மேலாளர் முதலிலிருந்து விளக்க வேண்டும், "இந்த அட்டவணையைப் பார்த்தேன், இப்படி எடுத்துக்கொண்டேன், சரியா?" என்றால் அரை நிமிடத்தில் பதில் வந்துவிடும்.

வாடிக்கையாளரின் பெயரை வெளியில் சொல்லுதல்

மதிய வேளையில் லாவ் பா சாட் உணவங்காடியில் இடம்பிடித்து உட்கார்ந்தால், பக்கத்து மேசையில் இருப்பவர் நீங்கள் ஆராயும் நிறுவனத்தின் ஊழியராகவே இருக்கலாம். ராஃபிள்ஸ் பிளேஸும் மரினா பேயும் அவ்வளவு நெருக்கமான இடங்கள். மின்தூக்கியிலும் எம்ஆர்டியிலும் தமிழில் பேசினால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். தமிழ் இந்நாட்டின் அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. வீட்டிலும் அதே கட்டுப்பாடுதான். அப்பா, அம்மாவிடம் வேலை எப்படி இருக்கிறது என்று சொல்லலாம். யாருக்காக என்று சொல்லக்கூடாது.

வாடிக்கையாளரின் கோப்பைப் பொதுவான செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஏற்றுதல்

செய்யவே கூடாது.

ஸ்லைடை அழகுபடுத்துவதில் இரவைக் கழித்தல்

உள்ளடக்கம் நாளைக் காலை மாறும். அதற்குப் பிறகு நிறத்தைப் பாருங்கள்.

நிரந்தர வேலை கிடைக்குமா என்ற எண்ணத்திலேயே இருத்தல்

பயிற்சி முடிவில் வேலை கிடைக்குமா என்ற கவலை இயல்பானது. குடும்பத்தின் எதிர்பார்ப்பும் சேர்ந்துகொள்ளும்போது அது கூடுகிறது. ஆனால் அந்தக் கவலையால்தான் பலர் தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டுகிறார்கள், தவற்றை மறைக்கிறார்கள். என் கணக்குப் பிழை வெளிவந்த அன்று எனக்கு இனி வாய்ப்பே இல்லை என்று நினைத்தேன். மேலாளர் என் இறுதி மதிப்பீட்டில் அந்தப் பிழையை ஒரே வரியில் குறிப்பிட்டார். சந்தேகம் இருந்தும் கேட்காமல் இருந்ததைப் பற்றி ஒரு பத்தி முழுவதும் எழுதியிருந்தார்.

அந்த மாணவி தம் கோப்பை எடுத்துக்கொண்டு போய், மாலை ஐந்து மணிக்குத் திரும்பி வந்தார். 11,297 நீல நிறத்துக்கு மாறியிருந்தது. பக்கத்துக் கட்டத்தில் "2024, வேலை பார்ப்பவர் உள்ள வாசிகள் குடும்பங்கள் மட்டும், முதலாளியின் சேமநிதிச் சந்தா உட்பட" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே மஞ்சள் நிறத்தில் ஒரு கேள்வி இருந்தது: "ஊழியரின் சேமநிதிப் பங்கையும் கழிக்க வேண்டுமா?" நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம்.