தேடுவதற்கு முன் ஒரு தாள்

புராஜெக்ட் என்று பிள்ளைகள் வந்து நின்றால், போனை உள்ளே வைக்கச் சொல்லித் தாளை எடுக்கச் சொல்வேன். குடியாத்தத்தில் சரித்திரம் நடத்துகிறேன். ‘வேலூர்ப் புரட்சி’ என்று தேடி, முதலில் வருவதை அப்படியே எழுதிவரும் பிள்ளைகள் வருஷா வருஷம் உண்டு.

வேலூர்க் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த ‘வேலூர்ப் புரட்சி’ வெறும் தலைப்பு. “சிப்பாய்கள் புதுமாதிரித் தலைப்பாகை அணிய வேண்டும் என்ற உத்தரவு மட்டும்தான் காரணமா, திப்புவின் குடும்பம் கோட்டையில் இருந்ததும் சேர்ந்ததா?” இது கேள்வி. தாளின் மேலே இப்படி ஒன்றை எழுதுங்கள். கீழே ஏற்கெனவே தெரிந்தவை: 1806 ஜூலை 10, திப்பு இறந்தது 1799, புரட்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், எங்கே தெரிந்துகொண்டோம் என்பதையும் குறியுங்கள். கோட்டையில் யாரோ சொன்ன கதையைத் தள்ள வேண்டாம், பென்சிலில் எழுதுங்கள்.

அடுத்து, இதை அப்போது யார் எழுதி வைத்திருப்பார்கள்? அன்றைய சென்னை கவர்னர் பெண்டிங்கை இந்தப் புரட்சிக்காகக் கம்பெனி திரும்ப அழைத்துக்கொண்டது. பதவி போனவர் சும்மா இருப்பாரா? தன் பக்க நியாயத்தை எழுதி 1810இல் லண்டனில் அச்சிட்டார். அதைப் படிக்கும்போது அவருக்கு என்ன கோபம் என்பது நினைவிருக்கட்டும். இதே சம்பவத்தை ஆளுக்கொரு பெயரில் எழுதியிருப்பார்கள்; கலகம், எழுச்சி, மியூட்டினி என எல்லாப் பெயரையும் ஓரமாகக் குறித்துக்கொண்டால் போதும்.

நம்ம பக்கத்தில் இன்னொரு சிக்கல், மாவட்டம். கொள்ளுத்தாத்தா 1900 வாக்கில் வாணியம்பாடியில் நிலம் வாங்கினாரா என்று ஒருவர் தேடுவதாக வையுங்கள். இன்று அது திருப்பத்தூர் மாவட்டம். 2019க்கு முன் வேலூர். அதற்கும் முன் வட ஆற்காடு. ஆனால் 1911 வரை, வாணியம்பாடி அடங்கிய திருப்பத்தூர் தாலுகா சேலம் மாவட்டத்தில் இருந்தது! வட ஆற்காட்டுப் பழைய கட்டுகளை எத்தனை நாள் புரட்டினாலும் 1900ஆம் வருஷத்து வாணியம்பாடி வராது. அந்த வட ஆற்காட்டுக்கும் அன்றைக்குத் தலைநகர் சித்தூர்தான், வேலூர் இல்லை. அதனால் வருஷத்தையும், அந்த வருஷத்தில் ஊர் எந்த மாவட்டம், எந்த தாலுகா என்பதையும் முதலில் எழுதிவிடுங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்களுக்கு இது இல்லாவிட்டால் ரயில் காசு தண்டம்.

கடைசி வரியில், எது கையில் கிடைத்தால் தேடலை நிறுத்தலாம் என்று எழுதுங்கள். நிலத்துக்கென்றால் பத்திர எண்ணும் தேதியும். புரட்சிக்கு, ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதாத இரண்டு சாட்சிகள்.