சூப்பர் மூனை வீட்டிலிருந்தே பார்க்க

பூமிக்கு மிக அருகில் நிலா வரும்போது நிகழும் பௌர்ணமிதான் சூப்பர் மூன். நிலா உச்சிக்கு வந்த பிறகு பார்த்தால் வழக்கமான பௌர்ணமி போலத்தான் தெரியும். மிகச் சிறிய பௌர்ணமி நிலாவைவிட விட்டத்தில் சுமார் 14% பெரிது என்றாலும், பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாததால் கண்ணுக்குப் பிடிபடாது. அடிவானத்தை ஒட்டி, மரம், கட்டடங்களுக்குப் பின்னால் எழும்போதுதான் பிரம்மாண்டமாகத் தோன்றும். அது மூளை காட்டும் மாயைதான். ஆனாலும் அந்த அழகைத் தவறவிடாதீர்கள்!

பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டியே நிலா உதிக்கும். அதனால் மாலையிலேயே மொட்டை மாடிக்கோ கிழக்கு ஜன்னலுக்கோ போய்விடுங்கள். எதிரே கட்டடம் மறைக்கிறதா? கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்குங்கள். அதன் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி. கட்டடம் ஒரு முஷ்டி உயரம் தெரிந்தால், உதயத்துக்குப் பின் முக்கால் மணி நேரமாவது காத்திருக்க வேண்டும்.

ஜன்னல் வழியே பார்ப்பதானால் அறை விளக்கை அணைத்துவிடுங்கள், கண்ணாடியில் பிரதிபலிப்பு இருக்காது. அப்புறம், மொபைலில் படம் எடுக்கும்போது நிலாவைத் தொட்டு ஃபோகஸ் செய்து வெளிச்சத்தை நன்றாகக் குறையுங்கள். இல்லாவிட்டால் வெள்ளைப் பொட்டுதான் மிஞ்சும். அன்று மேகமா? மறுநாளும் நிலா கிட்டத்தட்ட அதே அளவில்தான் இருக்கும், சற்றுத் தாமதமாக உதிக்கும், அவ்வளவுதான்.