வீணைக்கு கண்டென்சர் மைக் வைக்கும்போது

வீணையின் நாதம் வருவது குடத்திலிருந்தும் அதன் மேல்பலகையிலிருந்தும்தான். ஆனால் தந்திகளைத் தாங்கும் குதிரை, மீட்டும் விரல், கடைசி மெட்டு (இடக்கை விரல் தந்தியை அழுத்தும் பித்தளைக் கம்பி) எல்லாமே அங்கே ஒன்றையொன்று ஒட்டி இருக்கின்றன. மைக்கை நேராகக் குதிரைக்குக் காட்டினால் நகம் தந்தியில் படும் ‘டிக்’ மட்டும் தூக்கலாக வரும். மெட்டுப் பக்கம் தள்ளினால் கமகத்தோடு விரல் உரசலும் சேர்ந்துகொள்ளும். குதிரைக்கும் கடைசி மெட்டுக்கும் நடுவே பலகையைப் பார்க்கிற மாதிரி, கொஞ்சம் மேலிருந்து சாய்த்து வையுங்கள். பிறகு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு விரற்கடை விரற்கடையாக நகர்த்துங்கள். நல்ல இடம் காதுக்குத்தான் தெரியும்.

வீட்டில் ரெக்கார்டிங் என்றால் ஒன்றரை, இரண்டு அடி தள்ளி வைக்கலாம். ஃபேன், ஏசி இரண்டையும் நிறுத்திவிடுங்கள். கண்டென்சர் எதையும் விடாது, பக்கத்து வீட்டு மிக்ஸி வரைக்கும் பிடிக்கும். உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும். 24 பிட்டில் பதிகிறவர்கள் சிவப்பு விளக்கு வரை ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை.

மேடையில் கணக்கு வேறு. வலக்கை மிருதங்கக்காரர் பெரும்பாலும் வைணிகரின் (வீணை வாசிப்பவரின்) வலப்பக்கம் உட்காருவார், குடமும் அந்தப் பக்கமே. அதனால் முக்கால் அடிக்குள் நெருங்கி வந்து, மைக்கின் முதுகு மிருதங்கத்தைப் பார்க்கிற மாதிரி குட்டி ஸ்டாண்டைத் திருப்புங்கள். கார்டியாய்டு மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம். மானிட்டரையும் (கலைஞர் கேட்பதற்கான மேடை ஸ்பீக்கர்) அந்தப் பின்பக்கத்துக்கே நகர்த்திவிட்டால், அதன் சத்தம் மைக்கில் திரும்பி விழுந்து வரும் ஊளை பாதி குறையும். வீடியோ எடுப்பவர் வந்து, “சார், ஸ்டாண்ட் முகத்தை மறைக்குது” என்பார். கேமராவை நகர்த்தச் சொல்லுங்கள்.

லோ கட் (கீழ் அதிர்வெண்களை வெட்டும் வசதி) விஷயத்தில் பலர் பாட்டு மைக்குக்குச் செய்வதையே இதற்கும் செய்கிறார்கள். மூன்று கட்டைச் சுருதியில் முதல் தந்தியான சாரணி சுமார் 165 ஹெர்ட்ஸ், மிகக் கீழே ஒலிக்கும் அனுமந்தரத் தந்தி சுமார் 62. 100 ஹெர்ட்ஸில் செங்குத்தாக வெட்டினால் அந்தத் தந்தி சோனியாகிவிடும். 50க்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். மைக்கிலேயே சுவிட்ச் இருந்தால் சாய்வு குறைந்ததை, அதாவது மெதுவாக வெட்டுவதைத் தேர்ந்தெடுங்கள். ஷூர் எஸ்எம்81இல் இரண்டு சாய்வு உண்டு. அதிலுள்ள 10 டெசிபல் பேட் (சிக்னலைக் குறைக்கும் சுவிட்ச்) வீணைக்கு வேண்டாம், தவிலுக்கு உதவும்.

குடத்தில் ஒட்டும் பிக்கப் பற்றிக் கேட்பார்கள். ஊளை குறைவு, வசதிதான். ஆனால் அதை மட்டும் ஹாலுக்கு அனுப்பினால் வீணை கிட்டார் ஜாடைக்கு வந்துவிடுகிறது. என்னைக் கேட்டால் பிக்கப்பை வைணிகரின் மானிட்டருக்கும், கண்டென்சரை ஹாலுக்கும் கொடுப்பேன். பெரிய ஹால் என்றால் பிக்கப்பைத் துளி கலக்கலாம்.

48 வோல்ட் ஃபேண்டம் (மிக்சரிலிருந்து கேபிள் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம்) கொடுக்காமல் கண்டென்சர் மைக் பேசாது. சேனலை மியூட் செய்து, எக்ஸ்எல்ஆர் கேபிளைச் சொருகி, பிறகு ஃபேண்டத்தைப் போடுங்கள். சில நொடி விட்டு கெயினைத் தொடலாம். கழற்றும்போது முதலில் மியூட், அடுத்து ஃபேண்டம், கடைசியில் கேபிள். வரிசை மாறினால் ‘டப்’பென்று ஸ்பீக்கரில் இடிக்கும், முதல் வரிசைக்காரர்கள் திரும்பி முறைப்பார்கள். போனில் நேரடியாகச் சொருகிப் பயனில்லை, நடுவே ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக் சிக்னலைப் போனுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) வேண்டும்.

சென்னை மாதிரி கடலோர ஊரில் ஈரம் மைக்கில் ஒலியைப் பிடிக்கும் கேப்ஸ்யூலில் இறங்கினால் கரகரப்பு வரும். கச்சேரி முடிந்ததும் மைக்கை ஸ்டாண்டிலேயே விடாமல், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட பெட்டியில் மூடி வையுங்கள்.