கார்டு வாங்குறதுக்கு முன்னாடி அந்த எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரப் படிங்கப்பா

"அண்ணா, 15 ஆயிரத்துக்குள்ள எந்த கிராபிக்ஸ் கார்டு பெஸ்ட்?" பழைய பிசிய வச்சிட்டு கேமிங் ஆரம்பிக்கிற பசங்க எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க, நானும் ஒரு காலத்துல இதையேதான் கேட்டுட்டு ரிச்சி ஸ்ட்ரீட்ல கடை கடையா ஏறி இறங்குனேன். இப்போ பிசிக்குள்ள என்ன மதர்போர்டு இருக்கு, கரண்ட் பிரிச்சுக் குடுக்குற பவர் சப்ளை பொட்டி, அதான் எஸ்எம்பிஎஸ், அது என்னன்னு நான் திருப்பிக் கேட்டா முழிக்கிறாங்க. கேபினட்டுக்குள்ள கார்டு நீளம் பத்தாம போறது, மானிட்டர் கேபிள மதர்போர்டுலயே சொருகிட்டு கார்டு ஓடலன்னு பொலம்புறது, அதெல்லாம் ஒரே நாள்ல தெரிஞ்சிடும், விடுங்க. கைக்காசு போற விஷயத்துக்கு வருவோம்.

எஸ்எம்பிஎஸ்ஸ கணக்குல சேக்காம பட்ஜெட் போடுறது

இத நெனச்சா இப்பவும் எனக்கு கடுப்பாகுது. எங்க தெருப் பையன் ஒருத்தன் செகண்ட் ஹேண்ட்ல ஆர்எக்ஸ் 580 வாங்குனான். நல்ல கார்டுதான். ஆனா அவன் பிசில இருந்தது கேபினட் கூடவே "ஃப்ரீயா" வந்த எஸ்எம்பிஎஸ், அதுல கார்டுக்கு கரண்ட் குடுக்குற 8 பின் கனெக்டரே கிடையாது. கடைக்காரர் பழைய டிஸ்க் கேபிள்ல இருந்து கார்டுக்கு கரண்ட் எடுக்குற ஒரு மோலெக்ஸ் கன்வர்ட்டர கையில குடுத்து "450 வாட்ஸ்தானே, தாராளமா ஓடும் தம்பி"ன்னு அனுப்பிட்டாரு. டெஸ்க்டாப்ல ஒழுங்கா இருக்கு, வீடியோ ஓடுது, கேம் மெனு வரைக்கும்கூட வருது, ஆனா மேட்ச் சூடு பிடிச்ச உடனே மொத்த பிசியும் டப்புனு ஆஃப். இவன் என்ன பண்ணான்? கார்டு டம்மின்னு முடிவு பண்ணி நஷ்டத்துக்கு வித்துட்டு இன்னொரு கார்டு வாங்குனான். அதுவும் ஆஃப். விண்டோஸ் திரும்பப் போட்டான், ரேம் மாத்துனான், அப்பாகிட்ட திட்டும் வாங்கிட்டு கடைசியாதான் என்கிட்ட வந்தான்.

சைடு பேனலக் கழட்டி ஸ்டிக்கரப் பாத்தேன். பெரிய எழுத்துல 450. கீழ பொடி எழுத்துல +12 வோல்ட் வரிசையில 14 ஆம்பியர். பன்னெண்ட பதினாலால பெருக்குங்க, 168 வாட்ஸ். ஆர்எக்ஸ் 580 ஒண்ணுக்கே 185 வாட்ஸ் வேணும், ப்ராசஸரும் அதே 12 வோல்ட்டுலதான் சாப்பிடணும். மீதி வாட்ஸ் எல்லாம் 5 வோல்ட், 3.3 வோல்ட் லைன்ல காட்டுன கணக்கு, கார்டுக்கு அதனால பெருசா பிரயோஜனம் இல்ல. ரேஷன் கார்டுல பத்துப் பேர் இருந்தா வீட்டுல பத்துப் பேர் இருக்காங்கன்னு அர்த்தமா என்ன? கன்வர்ட்டர் சொருகியிருந்த எடத்துல பிளாஸ்டிக் பழுப்பாகி வாடை வேற வந்துட்டு இருந்துச்சு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா போர்டையும் கூட்டிட்டுப் போயிருக்கும்.

பாக்குறது ரொம்ப ஈசி. கார்டு சொருகுற மதர்போர்டு ஸ்லாட்ல இருந்து 75 வாட்ஸ் வரைக்கும் வரும், 6 பின் இன்னொரு 75, 8 பின் 150. உங்க கார்டு எவ்ளோ இழுக்கும்னு பாருங்க, ப்ராசஸர் இழுக்குறதக் கூட்டுங்க, அதுக்கு மேல ஒரு 100 வாட்ஸாவது 12 வோல்ட் லைன்ல மிச்சம் இருக்கணும். நேர்மையான 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்னா 12 வோல்ட்டுல மட்டுமே 40 ஆம்பியருக்கு மேல போட்டிருப்பான். 12V1, 12V2ன்னு ரெண்டா பிரிச்சுப் போட்டிருந்தா ரெண்டையும் சும்மா கூட்டிடாதீங்க, சேத்து எத்தன வாட்ஸ்னு தனியா இருக்கும், அதப் பாருங்க. கார்டு டப்பால "500 வாட்ஸ் தேவை"ன்னு போடுறதே இந்த மாதிரி டுபாக்கூர் 450 எல்லாம் ஊர்ல சுத்துதுன்னு கம்பெனிக்காரனுக்கும் தெரியுங்கிறதாலதான்.

அதனால 15 ஆயிரம் இருந்தா கார்டுக்கு 11, 12ன்னு வச்சிட்டு மிச்சத்துல Bronze தர முத்திரை போட்ட ஒரு எஸ்எம்பிஎஸ். முடியலன்னா தனி பவர் கேபிளே கேக்காத கார்டு, ஜிடிஎக்ஸ் 1650ல சில மாடல், இல்ல ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. ஆபீஸ்ல கழிச்சுக் கட்டுன டெல், எச்பி பிசி வாங்குனவங்களுக்கு பல நேரம் இதுதான் ஒரே வழி, ஏன்னா அதுல நெறைய மாடலுக்கு எஸ்எம்பிஎஸ் கனெக்டரே வேற மாதிரி இருக்கும், வெளில வாங்குறது நேரா சேராது.

யூபிஎஸ்ஸும் அதே கதைதான். 600 விஏன்னா பெரும்பாலும் 360 வாட்ஸ், அவ்ளோதான்.

பேரை மட்டும் பாத்து வாங்குறது

இப்ப சொன்ன 3050 இருக்கே, 6 ஜிபிக்கும் 8 ஜிபிக்கும் மெமரி மட்டும்தான் வித்தியாசம்னு நெனச்சா ஏமாந்தீங்க. கணக்குப் போடுற கோர் 2560ல இருந்து 2304 ஆகுது, மெமரிக்குப் போற பாதை, அதான் மெமரி பஸ், 128 பிட்ல இருந்து 96 ஆகுது. கேபிள் இல்லாம ஓடணும்னா 6 ஜிபி சரி, வெல ஒண்ணா இருக்குன்னா எடுக்காதீங்க. ஜிடிஎக்ஸ் 1060 3 ஜிபிலயும் இப்படித்தான் கோர வெட்டியிருப்பான். ஆர்எக்ஸ் 580 2048எஸ்பின்னு ஒண்ணு சுத்துது, கோர் கணக்குல அது 570தான். ஜிடி 1030ல மெதுவான மெமரி போட்ட டிடிஆர்4 வெர்ஷன யாராவது குடுத்தா நன்றி சொல்லிட்டுக் கெளம்புங்க.

பழைய போர்டுல ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி

2022ல வந்த கார்டு, போர்டுக்கும் கார்டுக்கும் நடுவுல டேட்டா போற பாதை, அதான் லேன், நாலே நாலு, 4 ஜிபி மெமரி. கார்டு சொருகுற ஸ்லாட் பிசிஐஇ 4.0 தலைமுறையா இருக்குற போர்டுல சமாளிக்கும், 3.0ல போட்டா அந்த நாலு லேனோட வேகம் பாதி ஆயிடும், மெமரி நெறஞ்ச உடனே கேம் திக்கும். யூடியூப்ல ஓட்டிக் காட்டுறவர் போர்டு புதுசு, உங்களுது எதுன்னு பாத்துக்கோங்க. இதுல நீங்க ஆடுறத வீடியோவா மாத்துற என்கோடரும் கிடையாது, ஸ்ட்ரீம் பண்ற ஆசை இருந்தா மறந்துடுங்க.

மூணாவது ஜெனரேஷன் ஐ5ல இன்டெல் ஆர்க்

வேணாம். ஆர்க் இன்டெல்லோட கிராபிக்ஸ் கார்டு, ப்ராசஸர் கார்டு மெமரிய மொத்தமா அணுக விடுற ரீசைசபிள் பார் வசதி இல்லாத போர்டுல அது படுத்துடும்.

ஒரே ஒரு ரேம் ஸ்டிக்

கார்டு வாங்குறதுக்கு முன்னாடி மொதல்ல இன்னொரு ஸ்டிக் போடுங்க.

செகண்ட் ஹேண்ட்ல ஓட்டிப் பாக்காம வாங்குறது

கார்டு விவரத்தக் காட்டுற ஜிபியு-இசட் சாஃப்ட்வேர பென் டிரைவ்ல எடுத்துட்டுப் போங்க. பழைய ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐல கார்டுக்குள்ள எழுதியிருக்குற புரோகிராம, அதான் பயாஸ, மாத்திட்டு 1050 டிஐன்னு விக்கிறானுங்க, ஜிபியு-இசட் பெரும்பாலும் கண்டுபிடிச்சு போலின்னு காட்டிடும். கால் மணி நேரமாவது லோடு குடுத்து ஓட்டச் சொல்லுங்க, மாட்டேன்னா வெளிய வாங்க. அப்புறம் 1050 டிஐ, 1060, 1070 இதெல்லாம் பாஸ்கல்ங்கிற பழைய தலைமுறை, 2025 அக்டோபரோட என்விடியா இதுக்கு புது கேம்களுக்கான கேம் ரெடி டிரைவர நிறுத்திட்டான், 2028 அக்டோபர் வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் மட்டும்தான். வாங்கவே கூடாதுன்னு இல்ல, ஆனா விக்கிறவன் பழைய ரேட்டு சொன்னா இதச் சொல்லி ரெண்டாயிரமாச்சும் கொறைங்க.