வெப்பம், பருப்பொருள், விசை: தொடக்கநிலை இயற்பியல் கணக்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயற்பியல் கணக்கில் விடை தவறியதும் மாணவர்கள் முதலில் பெருக்கலையும் வகுத்தலையும்தான் சரிபார்க்கிறார்கள். ஆனால் நான் பார்த்தவரை, பிழை அதற்கு வெகு முன்னதாகவே, பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்காமல் சூத்திரத்தை எழுதத் தொடங்கும் இடத்திலேயே நேர்ந்துவிடுகிறது.

20 டிகிரி செல்சியஸில் உள்ள 200 கிராம் நீரில், 0 டிகிரியில் உள்ள 100 கிராம் பனிக்கட்டியைப் போட்டால் இறுதி வெப்பநிலை என்ன என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம். பனிக்கட்டி முழுவதும் உருகிவிடும் என்று முன்கூட்டியே முடிவுசெய்து சமன்பாடு எழுதினால், ஏறத்தாழ −13 டிகிரி என்று விடை வரும். 0 டிகிரியிலும் 20 டிகிரியிலும் இருந்த இரண்டு பொருள்கள் கலந்து, இரண்டையும்விடக் குளிர்ந்துபோக வழியே இல்லை. பாத்திரமும் சூழலும் கொள்ளும் வெப்பத்தைப் புறக்கணித்தால், நீர் 0 டிகிரி வரை குளிரும்போது தரக்கூடிய வெப்பம் 0.2 × 4200 × 20 = 16,800 ஜூல் (4200 என்பது ஒரு கிலோகிராம் நீர் 1 டிகிரி குளிரும்போது தரும் வெப்பம்); பனிக்கட்டி முழுவதும் உருகத் தேவையானதோ 0.1 × 3,34,000 = 33,400 ஜூல் (3,34,000 என்பது ஒரு கிலோகிராம் பனிக்கட்டி உருகத் தேவையான வெப்பம்). ஆகவே சுமார் 50 கிராம் மட்டுமே உருகும். எஞ்சிய பனிக்கட்டியும் நீரும் 0 டிகிரியிலேயே சேர்ந்திருக்கும். இந்த இரண்டு எண்களையும் முதலில் ஒப்பிட்டிருந்தால் சமன்பாடே தேவைப்பட்டிருக்காது.

உராய்விலும் இதே தவறுதான் வேறு உருவில் வருகிறது. கிடைத்தளத்தில் ஓய்விலிருக்கும் 5 கிலோகிராம் கட்டையை 10 நியூட்டன் விசையால் கிடையாகத் தள்ளுகிறோம். ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.4, புவியீர்ப்பு முடுக்கம் 10 மீ/வி² என்று கொள்வோம். தளம் கட்டையை மேல்நோக்கித் தாங்கும் செங்குத்து விசையான 50 நியூட்டனால் குணகத்தைப் பெருக்கி, உராய்வு 20 நியூட்டன் என்று எழுதுபவர், கட்டை தன்னைத் தள்ளுபவரை நோக்கியே 2 மீ/வி² முடுக்கத்துடன் திரும்பி வரும் என்று சொன்னவராகிறார். 20 நியூட்டன் என்பது உராய்வு எட்டக்கூடிய மேல்வரம்பு மட்டுமே. கட்டை நகராத வரையில் உராய்வு தள்ளும் விசைக்குச் சமமாக, அதாவது இங்கே 10 நியூட்டனாக இருக்கும்.

மிதக்கும் பொருளுக்கும் இப்படித்தான்: பொருளின் முழுக் கன அளவைப் போட்டு மிதப்பு விசையைக் கணக்கிடக் கூடாது. 1000 கன சென்டிமீட்டர் மரக்கட்டையின் அடர்த்தி 600 கிகி/மீ³ என்றால், அது நீரில் மிதக்கும்போது மிதப்பு விசை அதன் எடைக்குச் சமமான 6 நியூட்டன்தான், 10 நியூட்டன் அல்ல.

அலகுகளைப் பற்றி ஒன்றே ஒன்று. வெப்பநிலை வேறுபாட்டை மட்டும் பயன்படுத்தும்போது செல்சியஸ் போதும். வாயு விதிகளில் விகிதம் வரும்போது கெல்வின் கட்டாயம். மூடிய, விரியாத கலத்திலுள்ள வாயுவை 27 டிகிரியிலிருந்து 54 டிகிரிக்குச் சூடாக்கினால் அழுத்தம் இரட்டிப்பாகாது; 300 கெல்வின் 327 கெல்வினாவதால் 9 விழுக்காடுதான் உயரும்.

விசைக் கணக்குகளில் மிக ஆழமாக வேரூன்றிய தவறு, மேசைமேலுள்ள புத்தகத்தின் எடையையும் மேசை தரும் செங்குத்து விசையையும் செயல், எதிர்ச்செயல் என்று இணைப்பது. இவ்விரண்டும் ஒரே புத்தகத்தின் மீது செயல்படுபவை. நியூட்டனின் மூன்றாம் விதி கூறும் இணையோ எப்போதும் இரு வெவ்வேறு பொருள்களின் மீது செயல்படும். எடைக்கு எதிர்ச்செயல், புத்தகம் புவியை மேல்நோக்கி ஈர்க்கும் விசை. புத்தகத்துக்கு மட்டும் தனித்த விசைப்படம் வரைந்தால் இந்தக் குழப்பம் எழாது. அந்த மேசையை 3 மீ/வி² முடுக்கத்துடன் மேலேறும் மின்தூக்கிக்குள் வைத்துப் பாருங்கள்: 2 கிலோகிராம் புத்தகத்தின் எடை 20 நியூட்டனாகவே இருக்க, செங்குத்து விசை 26 நியூட்டனாகிவிடுகிறது.