எக்ஸ்த்ரமதூராவை அரை நாள்ல முடிக்கப் பாக்காதீங்க

ஸ்பெயின்ல போர்ச்சுகல் பார்டரை ஒட்டி எக்ஸ்த்ரமதூரானு ஒரு மாநிலம் இருக்கு, நம்மாளுங்க நிறைய பேர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டாங்க. போறவங்களும் மாட்ரிட்ல இருந்து லிஸ்பன் போற வழியில மெரிதால மூணு மணி நேரம் நிறுத்தி, ரோமன் தியேட்டர் முன்னாடி போட்டோ எடுத்துட்டு கிளம்பிடறாங்க, அதான் எனக்கு மனசு கேக்கல. கி.மு. 25ல ரோமப் பேரரசர் அகஸ்டஸ் தன்னோட பழைய போர்வீரர்களைக் குடியமர்த்த உருவாக்கின ஊர் அது, ஆத்துப் பாலமே கிட்டத்தட்ட 800 மீட்டர் நீளம், இன்னிக்கும் அதுமேல நடந்து போகலாம். ரெண்டு ராத்திரியாவது தங்குங்க.

ஹோட்டல் புக் பண்றப்ப நாடு பேரை ரெண்டு தடவை பாருங்க. கப்பலேறிப் போன ஸ்பெயின்காரங்க அமெரிக்கக் கண்டம் முழுக்க இந்தப் பக்கத்து ஊர் பேரையே வச்சுட்டாங்க, அதனால மெரிதா மெக்சிகோலயும் இருக்கு, த்ருஹியோ பெருவுலயும் இருக்கு, மெதயீன் கொலம்பியாலயும் இருக்கு.

ஜூலை, ஆகஸ்ட்ல போகவே போகாதீங்க. 40 டிகிரி வெயில் அங்க சாதாரணம், இடிபாடுகள்ல ஒதுங்க நிழலும் கிடைக்காது. அந்த ரோமன் தியேட்டர்ல ராத்திரி நடக்கற நாடக விழாவுக்காகப் போறீங்கன்னா சரி, அது வேற கதை, பகல்ல ரூம்ல படுத்துக்கோங்க. மத்தபடி ஏப்ரல், மே, இல்ல அக்டோபர். திங்கக்கிழமை ரோமன் மியூசியம் லீவு, அதையும் பாத்துக்கோங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல கடையெல்லாம் சாத்திடுவாங்க, ராத்திரி சாப்பாடு ஒன்பதுக்குத்தான்.

ட்ரெயினை நம்பி பிளான் போடறதும் தப்பு. மெரிதா, காசரெஸ் ரெண்டுக்கும் ட்ரெயின் இருக்கு ஆனா கம்மி, த்ருஹியோக்கு ஸ்டேஷனே கிடையாது, டிராஜன்ங்கற ரோமப் பேரரசர் காலத்து அல்காந்தரா பாலத்தைப் பாக்கணும்னா கார் எடுத்தாதான் நிம்மதி.

சாப்பாட்டுல சைவக்காரங்க கவனமா இருக்கணும், மீகாஸ்னு பிரெட் துண்டை பூண்டு போட்டு வறுத்துத் தருவாங்க, பாக்க நம்ம பிரெட் உப்புமா மாதிரி இருக்கும், உள்ள பன்றிக்கறி கிடக்கும். அதுக்கு பயந்து தோர்த்தா தெல் காசாரை விட்டுடாதீங்க, செம்மறி ஆட்டுப்பால் சீஸ், பாலை உறைய வைக்கறதே ஒரு முள்செடியோட பூவை வச்சுத்தான். ஆனா கேக் மாதிரி துண்டு போடக் கூடாது, மேல் தோலை மூடி மாதிரி வட்டமா அறுத்து எடுத்தா உள்ள கூழா இருக்கும், பிரெட்டைத் தொட்டு வழிச்சு சாப்பிடணும், லேசா ஒரு கசப்பு நாக்குல நிக்கும்.

சாயங்காலத்தை மட்டும் ட்ராவலுக்குக் கொடுத்துடாதீங்க. மெரிதால மிலாக்ரோஸ்னு, ஊருக்குத் தண்ணி கொண்டு வந்த ஒரு ரோமன் நீர்ப்பாலம் இருக்கு, தண்ணி வர்றது நின்னு எத்தனையோ நூற்றாண்டு ஆச்சு, இப்ப அந்தத் தூண் உச்சியெல்லாம் செங்கால் நாரைக் கூடு. டிக்கெட் கிடையாது. வசந்த காலத்துல வெயில் சாயற நேரம் கீழ புல்லுல உக்காந்தா, ஜோடி வந்து இறங்கறப்ப ரெண்டும் தலையைப் பின்னால சாச்சு அலகை டகடகன்னு தட்டும், அடுத்த தூண்ல இருக்கறது பதிலுக்குத் தட்டும்.