போர்க்கால டோக்கன் கைக்கு வந்தால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செம்பு என்றாலே நம் கொங்கு வீடுகளில் புளி போட்டுத் தேய்த்துவிடுவோம். குடத்துக்கு அது சரி. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது சில்லறைக்குப் பதிலாகத் தனியார் அடித்த செம்பு டோக்கனுக்கு மட்டும் தயவுசெய்து வேண்டாம். 160 வருஷமாகப் படிந்த பழுப்பு நிறம் ஒரே நிமிஷத்தில் போய், இளஞ்சிவப்பாகப் பல்லிளிக்கும். போன நிறம் திரும்பாது. எழுத்தின் ஓரமும் மழுங்கும். அந்த எழுத்துதானே எல்லாம்! 1862-ல் போருக்குப் பயந்து மக்கள் சில்லறையைப் பதுக்கியதும், கடைக்காரர்களே தங்கள் பேர், தொழில், ஊர் எல்லாம் பொறித்து, சென்ட் காசின் அளவிலேயே செம்பில் அடித்து நடமாட விட்டார்கள். பேர் தேய்ந்தால் அந்தக் கடைக்காரரே காணாமல் போகிறார். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். அது போதும்.

'ஒன் சென்ட்' என்று பெரிதாகத் தெரிந்தவுடன் அரசுக் காசு என்று முடிவுகட்டாதீர்கள். லென்ஸ் வைத்துப் பாருங்கள். சிலவற்றில் அதற்கு மேலே பொடி எழுத்தில் 'நாட்' என்று இருக்கும்; சேர்த்துப் படித்தால் 'ஒரு சென்ட் அல்ல'. கள்ளக்காசு அடித்ததாகப் பிடிபடாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. கடைப்பேர் இல்லாததெல்லாம் போலி என்பதும் தவறு. தேசபக்தி வாசகமும் கொடியும் மட்டும் பொறித்த வகையும் உண்டு.

அடித்தவர்கள் எல்லோரும் டோக்கனை நேர்மையாகத் திரும்ப வாங்கிக்கொண்டு காசு கொடுத்தார்கள் என்றும் நம்பிவிடாதீர்கள். நியூயார்க்கில் லிண்டன்முல்லர் என்ற மதுக்கடைக்காரரின் டோக்கன்களைக் கட்டணமாக வாங்கிய டிராம் கம்பெனி, மாற்றித் தரச் சொன்னபோது அவர் கைவிரித்துவிட்டார். தனியார் காசு அடிப்பதை 1864-ல் சட்டம் தடுத்தது.

நம் பக்கத்துக் குழப்பம் வேறு. இரண்டாம் உலகப்போரில் இங்கேயும் சில்லறைக்குத் திண்டாட்டம். ஆனால் 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணா அரசு அடித்த காசு. உலோகத்தை மிச்சப்படுத்த நடுவில் ஓட்டை போட்டார்கள். அதை 'வியாபாரி டோக்கன்' என்று யாராவது விலை சொன்னால் நகர்ந்துவிடுங்கள். பழைய மில் கேன்டீன் டோக்கனையும் ஆதாரமில்லாமல் போரோடு முடிச்சுப் போட வேண்டாம்.

அப்புறம், குழகுழவென்ற பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் வைக்காதீர்கள். நாளாக ஆகச் செம்பின் மேல் பச்சையாகப் பிசுபிசுப்பு ஏறும். அமிலம் கலக்காத காகித உறை நல்லது.